சாவி காண்ட்ராக்ட்

சங்கரலிங்கம் என்று சொன்னால் சிவில் ஆபீசில் எந்தச் சங்கரலிங்கம் என்று கேட்பார்கள். 'இன்னும் ஒரு அடி' என்றால் உடனே தெரிந்துவிடும். சங்கரன்கோவில் பக்கத்து மனிதர். கல்யாணமான புதிதில் ஒரு டிரங்குப் பெட்டியும் மனைவி தமயந்தியுமாக நெய்வேலியில் வந்து இறங்கி, ஓவர்சியராகச் சேர்ந்து, டவுன்ஷிப்பில் பாதி பிளாக்குகள் எழும்பியபோது பக்கத்தில் நின்றவர். வீட்டுக்குப் பள்ளம் எடுக்கும் இடத்தில் அவர் தலை தெரிந்தால் ஆட்கள் கடப்பாரையைத் தயாராக நீட்டிவிடுவார்கள். அதை வாங்கிப் பள்ளத்தின் அடியில் நாலைந்து இடத்தில் குத்துவார். தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்பார். அப்புறம் சொல்வார்: "இன்னும் ஒரு அடி போ." கீழே கருங்கல்லே இருந்தாலும் இந்த மனிதருக்கு ஓர் அடி வேண்டும் என்று ஆட்கள் சிரிப்பார்கள். அவர் ஊரில் அஸ்திவாரப் பள்ளத்துக்கு வானம் என்று பெயர். வந்த புதிதில் "வானம் தோண்டுங்கப்பா" என்று சொல்லப்போய், இந்தப் பக்கத்து ஆட்கள் அண்ணாந்து பார்த்த கதை மந்தாரக்குப்பம் டீக்கடையில் வெகுநாள் ஓடியது. பிறகு எல்லாரையும்போலக் கடக்கால் என்று சொல்லப் பழகிக்கொண்டார். அந்த ஓர் அடியை மட்டும் விடவில்லை.

வேலை அப்படித்தான் நடந்தது அந்த நாளில். டிராயிங் ஆபீசிலிருந்து வரும். காண்ட்ராக்டர் கட்டுவார். காகிதத்தில் ஒன்றும் மண்ணில் வேறொன்றும் இருந்தால், நடுவில் நிற்கும் ஓவர்சியர் வாயால் ஒரு வார்த்தை சொல்வார், மேஸ்திரி செய்துவிடுவான். எழுத்தெல்லாம் பின்னால் நடக்கும். அதில் தொல்லையும் இருந்தது. டிராயிங் வருவதற்குள் செங்கல் அடுக்கில் புல் முளைத்துவிடும். டிராயிங் தப்பு என்று காண்ட்ராக்டரும், கட்டினது தப்பு என்று ஆபீசும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு ஒரு கட்டடம் கூரையில்லாமல் இரண்டு மழைக்காலம் நின்றதை அவரே பார்த்திருக்கிறார். ஆகவே எண்பதுகளின் தொடக்கத்தில் புது முறை வந்தபோது அவர் முகம் சுளிக்கவில்லை.

புதுச் சுரங்க வேலைக்கு ஆள் வந்து குவிந்துகொண்டிருந்த நேரம். வீடுகள் அவசரமாக வேண்டும். எக்சிகியூட்டிவ் எஞ்சினியர் வேலுமணி எல்லா ஓவர்சியர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கோயம்புத்தூர்க்காரர், கெட்டிக்காரர், கடிந்துகொள்ளும்போதும் 'ங்க' போட்டுப் பேசுகிறவர்.

"இனி டிராயிங்கும் கம்பெனிக்காரனே போடுவானுங்க. கட்டறதும் அவனே. எத்தனை வீடு, எத்தனை ரூம்னு மட்டும் நாம எழுதிக் குடுத்தாச்சு. கடைசியில சாவியைக் கொண்டாந்து கையில குடுப்பான். வாங்கிக்க வேண்டியதுதானுங்க."

"அப்ப நாங்க எதுக்கு சார்?" என்றது பின்வரிசை.

"பாக்கறதுக்கு."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு வீட்டுக்குப் போறதுக்கு."

சிரிப்பு அடங்கும்வரை வேலுமணி காத்திருந்தார். "இதுல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. அவன் டிராயிங்ல தப்பிருந்தா அவன் பொறுப்பு. நீங்க குறுக்க போயி, இதை மாத்து அதை மாத்துன்னு ஒரு வார்த்தை சொல்லி அவன் மாத்திட்டான்னா, அந்த நிமிஷத்துல இருந்து பொறுப்பு நம்ம தலையில. குறை தெரிஞ்சா எங்கிட்ட வந்து சொல்லுங்க. அங்க நின்னு வாயைத் தொறக்காதீங்க." அவர் பார்வை சங்கரலிங்கத்திடம் வந்து நின்றது. "ஒரு அடி, அரை அடி எல்லாம் இந்த வேலையில வேண்டாமுங்க."

டிராயிங் மேல் குத்தும் ரப்பர் ஸ்டாம்புகூட மாறிவிட்டது. முன்பெல்லாம் 'அப்ரூவ்டு' என்று விழும். இப்போது 'பார்வையிடப்பட்டது' என்று மட்டும் விழுந்தது.

கம்பெனி சென்னையிலிருந்து வந்தது. மேஸ்திரியாகச் சேர்ந்தவன் பழனிவேல். கம்மாபுரம் பக்கத்தில் கூலி விவசாயக் குடும்பம். அப்பன் காலம்வரை அடுத்தவர் வயல்தான். இவன் சித்தாளாக வந்து, கொத்துக்கரண்டி பிடித்து, எத்தனையோ காண்ட்ராக்டர்களிடம் வேலை செய்து, மேஸ்திரி என்று பேர் வாங்கியவன். அத்தனை இடத்திலும் மேலே நின்றவர் சங்கரலிங்கம்தான்.

"இன்னா காண்ட்ராக்ட் சார் இது? சாவி காண்ட்ராக்ட்டுன்றாங்க?"

"வீட்டைக் கட்டி முடிச்சு சாவியைக் குடுக்கது. ஏன், பேரு நல்லாயில்லையா?"

"எங்கூர்ல கதிர் பால் புடிக்காம காஞ்சு நின்னா அத்த சாவின்னுதான் சார் சொல்வோம். வெளியேந்து பாத்தா பயிர் மாரியேதான் இருக்கும்." சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள். சங்கரலிங்கமும் சிரித்தார். அன்றிலிருந்து அந்த வேலைக்கு அதுவே பெயராயிற்று. ஆபீஸ் பியூன்கூட அப்படித்தான் சொன்னான்.

ஆனால் வேலை ஓடிய ஓட்டம் ஓட்டம்தான். சந்தேகம் என்றால் கம்பெனியின் எஞ்சினியர் கருணாகரன் அங்கேயே நின்று முடிவு சொன்னார். யாரும் யாருக்கும் கடிதம் எழுதிக் காத்துக்கொண்டிருக்கவில்லை. பழைய முறையில் ஒரு வரிசை ஏறும் நேரத்தில் இங்கே மூன்று வரிசைகளுக்குத் தளம் போட்டாயிற்று. சங்கரலிங்கம் வீட்டில் இதைப் பெருமையாகவே சொன்னார்.

தமயந்தி ஒருநாள் மற்றப் பெண்களோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "எல்லாம் சரி. பரண் எங்க?"

"என்ன பரண்?"

"அடுப்படியில பரண் இல்ல. அண்டா குண்டான வைக்க இடமில்ல. ஒரு மாடங்கூட இல்ல. வாசல் நடையில ஒரு நிலைப்படி இல்ல."

"நம்ம எழுதிக் குடுத்ததுல பரண்னு இல்லை போல."

"அடுப்படின்னு எழுதுனா பரணும் சேத்திதானே? அத வேற தனியா எழுதணுமாக்கும்."

அவர் யோசித்தார். பழைய வீடுகளின் டிராயிங்கிலும் பரண் இருந்ததா என்று நினைவில்லை. எவனோ ஒரு ஓவர்சியர் சுவர் எழும்பும்போது "இங்க ஒரு பலகைக்கல்லை வைப்பா" என்று சொல்லியிருப்பான். அவ்வளவுதான். இங்கே அப்படிச் சொல்ல ஆளில்லை. எழுதியது எல்லாம் இருந்தது. எழுதாதது எதுவும் இல்லை.

கடைசி வரிசை பழைய ஏரியின் ஓரத்தில் வந்தது. சுரங்கத்திலிருந்து அள்ளிய மண்ணைக் கொட்டி மேடாக்கிய இடம். அதன் கோடி வீட்டுக்குக் கடக்கால் எடுத்தபோது, சிவப்பு மண்ணுக்குக் கீழே கறுப்பாக, கையில் ஒட்டுகிற பழைய ஏரி மண் வந்தது. கருணாகரன் அன்று சென்னை போயிருந்தார். கான்கிரீட் கலவை தயாராகிக்கொண்டிருந்தது. சங்கரலிங்கம் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். பழனிவேல் பள்ளத்துக்குள் நின்றபடி கடப்பாரையை நீட்டினான். அவனுக்கும் பழக்கம், இவருக்கும் பழக்கம். குத்திப் பார்த்தார். மண் கடப்பாரையை விழுங்கியது.

"இன்னும் ஒரு அடி போ."

"எல்லாப் பக்கமுமா சார்?"

"இந்தக் கிழக்குப் பக்கம் மட்டும் போதும். அங்கிட்டு கெட்டியாத்தான் இருக்கு."

சைக்கிளில் ஏறி வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, வெற்றிலை போட உட்கார்ந்தபோதுதான் வேலுமணி சொன்னது நினைவுக்கு வந்தது. திரும்பப் போய் வேண்டாம் என்று சொல்லலாம். அந்த மண்ணைப் பார்த்த பிறகு எப்படி வேண்டாம் என்பது? வேலுமணியிடம் போய்ச் சொல்லலாம். நாளைக் காலையில் சொல்லலாம். காலையில் போய்ப் பார்த்தபோது கான்கிரீட் போட்டு முடித்திருந்தார்கள். போட்ட பிறகு சொல்லி என்ன என்று விட்டுவிட்டார்.

சாவிகள் சொன்ன தேதிக்கு முன்னாலேயே கைக்கு வந்தன. மேளதாளத்தோடு ஒரு சின்ன விழாவும் நடந்தது. அந்தக் கோடி வீடு அமிர்தத்துக்குக் கிடைத்தது. அவள் நர்ஸ், புருஷன் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை, கைக்குழந்தையோடு மாமியாரும் கூட. முன்பு தமயந்திக்குப் பக்கத்து வீடு. ரசத்துக்குப் பெருங்காயம் இல்லாவிட்டால் சுவருக்கு மேல் கையை நீட்டி வாங்கிக்கொள்கிற உறவு.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. கார்த்திகைக்குப் பொரி உருண்டை கொண்டுபோன தமயந்தி, அமிர்தம் வீட்டுக் குளியலறைக் கதவை மூட முடியாமல் கூடத்துக்குத் திரும்பி வந்தாள்.

"தாழ்ப்பாள் போடாதீங்கக்கா, போட்டா தொறக்க ஆள் கூப்புடணும்," என்றாள் அமிர்தம். "எங்க அத்தை உள்ள மாட்டிக்கினு பாட்டா பாடிச்சு அன்னிக்கி." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். படுக்கையறைச் சுவரைக் காட்டும்போது சிரிக்கவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை சாய்வாக ஒரு விரிசல். அதில் சீப்பைச் செருகி வைத்திருந்தாள். "சீப்பு மொதல்ல நிக்கல. இப்ப நிக்குது."

தமயந்தி வந்து சொன்னபோது சங்கரலிங்கம், "எந்த வீடு?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரியும்.

மற்ற வீடுகளிலும் விரிசல் இருந்தது. அந்த வரிசை முழுக்கவே மயிரிழை மயிரிழையாக. கோடி வீட்டில்தான் மோசம். வேலுமணி கம்பெனிக்கு எழுதினார்: டிராயிங் உங்களுடையது, கட்டியது நீங்கள், வந்து சரிசெய்யுங்கள். கம்பெனி பதில் எழுதியது: எங்கள் டிராயிங் சரியாகத்தான் இருந்தது, உங்கள் ஓவர்சியர் ஒரு பக்கத்தை மட்டும் ஆழமாக வெட்டச் சொன்னார், அதனால் வீடு ஒருபக்கம் இழுத்து, அந்த இழுப்பில் வரிசையே விரிசல் விட்டுப்போயிற்று.

வேலுமணி அவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சொன்னீங்களா?"

சங்கரலிங்கம் வாயைத் திறந்தார். வேலுமணி கையைத் தூக்கித் தடுத்தார்.

"இருங்க. இப்ப எங்கிட்டச் சொல்ல வேண்டாம். விசாரணையில சொன்னாப் போதும். நான் சொல்லலைன்னு நீங்க சொன்னா அந்த வரிசை மொத்தத்தையும் அவன் கைக்காசைப் போட்டுச் சரி பண்ணித் தரணும். சொன்னேன்னு ஒத்துக்கிட்டீங்கன்னா ஒரு செங்கல்கூடத் தொட மாட்டான். நம்ம பட்ஜெட்ல வாங்கிச் செய்யறதுக்குள்ள அந்த நர்ஸ் புள்ளைக்கு இன்னொரு மழை வந்துரும். எழுத்துல ஒண்ணுமில்லீங்க. வாய்வார்த்தைதான். இல்லைன்னு சொல்லிப்போடுங்க."

"பழனிவேல் வெட்டியிருக்கான்லா சார்?"

"தானா வெட்டினான்னு ஆகும். மேஸ்திரிதானுங்க. அவன் கம்பெனிக்காரன் ஆளு. அவங்களே பாத்துக்குவாங்க."

"ஒரு அடி போனதாலதான் விரிசலா சார்? அது இல்லைன்னா அந்தப் பக்கம் உக்காந்தே போயிருக்குமே."

"அது யாருக்குத் தெரியுமுங்க?" என்றார் வேலுமணி. அவருக்கும் நிஜமாகவே தெரியவில்லை.

இரண்டு நாளில் பழனிவேல் வந்தான். மாலை வெளிச்சம் இருந்தது. கூட அவன் மனைவி வள்ளியம்மாளும் வந்திருந்தாள். தமயந்தி உள்ளே கூப்பிட்டாள். "இல்லீங்கம்மா, இப்டியே நின்னுக்கினு பேசிட்டுப் போயிடுறோம்," என்று கேட்டைப் பிடித்தபடி நின்றார்கள்.

"நீங்க சொல்லித்தான் வெட்டுனேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க சார் கம்பெனில," என்றான் பழனிவேல். "நான் இன்னும் குடுக்கல. நீங்க எப்டிச் சொல்றீங்களோ அப்டி."

"அதென்னா எப்டிச் சொல்றீங்களோ?" என்றாள் வள்ளியம்மாள். "அவுரு சொன்னாரு, நீ வெட்டுன. அதானே நடந்துச்சி?"

"நீ சும்மா இரு."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? தானா வெட்டி வூட்ட விரிசல் வுட்டுப்போவ வச்சவன்னு ஆச்சுன்னா சார், எந்தக் காண்ட்ராக்டரு இவர வேலையில நிக்க வுடுவான்? மறுபடி மண்ணு சொமக்கச் சொல்வான். இவுரு அப்பன ஊர்ல டேய்னுதான் கூப்டாங்க, சாவுறமுட்டும். இவர மேஸ்திரின்றாங்க. எங்களுக்கு இருக்கறது அது ஒண்ணுதான்."

என்ன சொன்னோம் என்று பின்னால் சங்கரலிங்கத்துக்கே நினைவில்லை. பார்க்கலாம் என்றோ, போய்ட்டு வா என்றோ ஏதோ சொன்னார். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை தமயந்தி கேட்டைச் சாத்தாமல் நின்றாள்.

"என்ன சொல்லப்போறீக?"

"தெரியல."

"இல்லைன்னு சொன்னா அமிர்தம் வீடு சரியாயிரும். பச்சப்புள்ள படுக்க வீடு. இவனுக்கு வேற வேலை கிடைக்காமலா போயிரும்?"

"வேலை கிடைக்கும். மேஸ்திரியாக் கிடைக்காது."

"உங்களுக்கு மட்டும் என்ன, மாலையா போடப்போறாக? இன்னும் அஞ்சாறு வருஷ சர்வீஸ் இருக்கு. ஏதாச்சும் பேசுங்களேன். பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி இருக்கீக."

"பேசினதுதானட்டி வினையாப் போச்சு."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தோசை வார்த்துப் போட்டாளே தவிர, தட்டில் இன்னொன்று வைக்கட்டுமா என்று கேட்கவில்லை. அதுவே அவள் கோபத்தின் அளவு.

விசாரணை அறையில் மேலிடத்து அதிகாரி ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒருபக்கம் வேலுமணி, மறுபக்கம் கருணாகரன். பழனிவேலை வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். அவன் உட்காராமல் நின்றான். உள்ளே போகும்போது சங்கரலிங்கம் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவனுக்காகச் சொன்னதாக ஆகிவிடும் என்று ஒரு பயம்.

"கிழக்குப் பக்கம் ஆழமாக வெட்டும்படி நீங்கள் சொன்னீர்களா?"

"சொன்னேன் சார்."

வேலுமணி மேஜையைப் பார்த்தார். அதிகாரி நல்ல மனிதர். ஒரு வழி விட்டுப் பார்த்தார். "ஒரு யோசனையாகச் சொல்லியிருப்பீர்கள். உத்தரவாக இல்லை. அப்படித்தானே? யோசனை சொன்னால் செய்வதும் செய்யாததும் மேஸ்திரியின் இஷ்டம்."

அந்த ஒரு சொல்லில் எல்லாரும் தப்பிக்கலாம், பழனிவேலைத் தவிர. சங்கரலிங்கத்துக்கு அது புரிய நேரமாகவில்லை.

"நான் கரையில நின்னேன் சார், அவன் பள்ளத்துக்குள்ள நின்னான். அங்க யோசனை வேற, உத்தரவு வேறன்னு கிடையாது. நான் சொன்னா அவன் வெட்டுவான். அத்தனை வருஷமா அப்படித்தான்."

கருணாகரன் குறித்துக்கொண்டார்.

அவருக்கு இன்கிரிமெண்டை நிறுத்தினார்கள். வெளிவேலையிலிருந்து எடுத்து, சிமெண்ட் மூட்டையும் குழாயும் அடுக்கிய ஸ்டோருக்கு மாற்றினார்கள். கம்பெனி அந்த வரிசை முழுவதிலிருந்தும் கையை எடுத்துக்கொண்டது. மற்ற வரிசைகளில் ஒழுகல், கசிவு என்று எதைக் கேட்டாலும், அங்கேயும் உங்கள் ஆள் என்ன சொன்னாரோ என்று பதில் வந்தது. வேலுமணி அவரைக் கண்டால் தலையசைப்பார், பேசுவதில்லை. பழனிவேலைக் கம்பெனி அடுத்த வேலைக்குக் கூட்டிப்போகவில்லை. சேத்தியாத்தோப்பில் யாரோ ரைஸ் மில் கட்டுகிறார்கள், அங்கே நிற்கிறான், மேஸ்திரியாகத்தான் என்று ஆள்மூலம் செய்தி வந்தது. அவன் நேரில் வந்து சொல்லவில்லை. வரவேண்டும் என்று இவரும் எதிர்பார்க்கவில்லை.

பாக்கியிருந்தது அமிர்தம். யார் வாய் வழியாகவாவது அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளுமுன் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார். தமயந்தி வரமாட்டேன் என்றாள். அவர் செருப்பை மாட்டும்போது, "இருங்க" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு கூட வந்தாள்.

அமிர்தம் நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் உட்காராமலே சொன்னார். வெட்டச் சொன்னது தான் என்றும், அதை ஒத்துக்கொண்டதால் கம்பெனி வராது என்றும். அவள் கேட்டு முடித்தாள்.

"இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்து பண்ணியிருப்பாங்க இல்ல?"

"பண்ணியிருப்பாங்க."

"என் வூட்ட நெனச்சுப் பாத்தீங்களா அண்ணே, அப்ப?"

"நெனச்சேம்மா."

அவள் தமயந்தியைப் பார்த்தாள். தமயந்தி தரையைப் பார்த்தாள். உள்ளே குழந்தை அழ, மாமியார் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. காப்பி சாப்பிடுகிறீர்களா என்று அமிர்தம் கேட்கவில்லை.

"கம்பெனில கேட்டா ஆபீசுக்குப் போன்றான். ஆபீசுல கேட்டா பட்ஜெட்டுன்றாங்க. இனிமே நாங்க யாருகிட்டதான் போய்க் கேக்கறது?"

"எங்கிட்டக் கேளு," என்று சங்கரலிங்கம் சொல்லிவிட்டார்.

அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். "அப்ப உள்ள வாங்க. வந்து பாருங்க." கோபத்தில்தான் கூப்பிட்டாள். குளியலறைக் கதவு, ஜன்னல் மூலை, அடுப்படியில் உள்வாங்கிப்போன தரை என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஓவர்சியர் வந்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்குச் சேதி போனது. அவர்கள் வந்து தங்கள் வீட்டுக்கு அழைத்தார்கள். அப்புறம் அடுத்த வீடு. தான் ஸ்டோருக்கு மாற்றப்பட்டவர், இனி எதையும் செய்துகொடுக்க முடியாதவர் என்று அவர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. ஆபீசிலிருந்து ஒருத்தர் நேரில் வந்து சுவரைத் தொட்டுப் பார்க்கிறார் என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

சுற்றி முடித்து மறுபடி கோடி வீட்டு வாசலுக்கு வந்தபோது அமிர்தம் நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தச் சுவர் வுழுமா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் விரிசலில் விரலை விட்டுப் பார்த்தார். விழாது என்று சொல்ல அவரிடம் ஒரு ஆதாரமும் இல்லை. விழும் என்று சொல்லவும் இல்லை. சுவரை ஒட்டித்தான் கட்டில் கிடந்தது. அதற்கு மேல் தூளி.

"கட்டிலை இங்க போடாதீங்க. தூளியையும் அந்த ரூமுக்கு மாத்துங்க."

"அந்த ரூம்ல இடமே இல்லீங்களே அண்ணே."

"அரிசி மூட்டையையும் பீரோவையும் இங்க கொண்டாந்துரலாம்," என்றாள் தமயந்தி. அன்று அந்த வீட்டுக்குள் வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அமிர்தத்தின் புருஷனை எழுப்பினார்கள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கட்டிலின் ஒருபக்கத்தைப் பிடிக்க, சங்கரலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபக்கத்தைப் பிடித்தார். நடுக்கதவும் சரியாகத் திறக்கவில்லை. கட்டிலைச் சாய்த்து, திருப்பி, கால்களை ஒவ்வொன்றாக நுழைத்துத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது.